ஒரே ஊருக்கு ஐந்து பெயர்: எண்ணிமத் தொகுப்புகளில் பழைய இடப்பெயர்களையும் எல்லைகளையும் எப்படிப் பதிவது?

பழையஞ்சல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய அஞ்சலட்டைகளை வருடியெடுத்து இணையத்தில் ஏற்றும் ஒரு சிறு குழுவில் பட்டியலிடும் வேலை என்னுடையது. எங்கள் விரிதாளில் 'இடம்' என்று ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கிறது. அதைத் தொடக்கத்தில் யாரும் ஒரு சிக்கலாக நினைக்கவில்லை. சென்ற மாதம் மூன்று அட்டைகள் அடுத்தடுத்துக் கைக்கு வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம்.

முதல் அட்டையில் 'லெம்பெர்க்' என்று அச்சிட்டிருந்தது. அஞ்சல் முத்திரை 1908. இரண்டாவதில் 'ல்வூஃப்', 1931. மூன்றாவதில் ரஷ்ய எழுத்தில் 'ல்வோவ்', 1956. மூன்றிலும் இருந்தது ஒரே நகரம்தான், இன்றைய லிவீவ். இரண்டு அட்டைகளில் கட்டடம்கூட ஒன்றே. 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு, பிறகு போலந்து, 1939-இல் சோவியத் ஒன்றியம், இடையே மூன்றாண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, மறுபடி சோவியத், 1991 முதல் உக்ரைன் என்று அந்த நகரம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் பறந்த கொடிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

என்னோடு பணிபுரியும் ஒருவர் மூன்றையும் 'லிவீவ், உக்ரைன்' என்றே பதிந்தார். வரைபடத்தில் மூன்றும் ஒரே புள்ளியில் அழகாக வந்து அமர்ந்தன. ஆனால் 'லெம்பெர்க்' என்று தேடியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொருவர் அட்டையில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும் என்கிறார். அப்படிச் செய்தால் மூன்று அட்டைகளும் ஒன்றையொன்று அறியாமல் மூன்று மூலைகளில் கிடக்கும். இருவரும் சொல்வதில் நியாயம் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய தொகுப்புகளில் பணியாற்றியவர்கள் இதை எப்படித் தீர்த்தீர்கள்?


ஏட்டுப்பூச்சி எழுதியது:

உங்கள் இரு நண்பர்கள் சொல்வதும் சரியே. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கப் பார்ப்பதில்தான் தவறு இருக்கிறது.

நூலகப் பட்டியலாக்கத்தில் இந்தப் பிரிவு வெகுகாலமாக உண்டு. ஒரு நூலின் தலைப்புப் பக்கத்தில் 'லெனின்கிராட்' என்று அச்சிட்டிருந்தால், வெளியீட்டு இடத்தை அப்படியே பெயர்த்தெழுதுவோம். அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. அதே நகரத்தைப் பற்றிய நூலுக்குப் பொருள் தலைப்பு, அதாவது நூல் எதைப் பற்றியது என்று காட்டும் தலைப்பு, கொடுக்கும்போது நடைமுறை வேறு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பு விதிப்படி, எல்லை பெரிதும் மாறாமல் பெயர் மட்டும் மாறிய ஓர் ஆட்சிப்பகுதிக்கு அதன் கடைசிப் பெயரையே தலைப்பாகக் கொடுக்க வேண்டும். ஆகவே 1950-இல் லெனின்கிராட்டைப் பற்றி எழுதப்பட்ட நூலும் இன்று 'செயின்ட் பீட்டர்ஸ்பர்க்' என்ற தலைப்பின்கீழ்தான் நிற்கும். பழைய பெயரில் தேடுபவரைப் புதிய பெயருக்குக் கொண்டுசேர்ப்பது, ஒன்றின் எல்லாப் பெயர்களையும் திரட்டி வைக்கும் பெயர் அதிகாரப் பதிவின் வேலை.

அட்டையில் உள்ள பெயரை அழிக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு மரபைக் காப்பது மட்டும் காரணமில்லை. பெயரே ஒரு காலச்சான்று. அந்த நகரம் 1914-இல் பெட்ரோகிராட் ஆனது, 1924-இல் லெனின்கிராட் ஆனது, 1991-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. தேதியில்லாத ஓர் அட்டையில் 'பெட்ரோகிராட்' என்று அச்சிட்டிருந்தால், அந்த ஒரு சொல்லைக் கொண்டே அட்டை அச்சான காலத்தைப் பத்தாண்டுக்குள் சுருக்கிவிடலாம். 'கார்ல்-மார்க்ஸ்-ஷ்டாட்' என்றிருந்தால் 1953-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்த நகரம் கெம்னிட்ஸ். இவற்றை இன்றைய பெயருக்கு மாற்றி எழுதிவிட்டுத் தேதிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போடுவது, இருக்கிற விளக்கை அணைத்துவிட்டு இருட்டு என்று குறைசொல்வது போன்றது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அச்சிட்ட அட்டைகள் கடைகளில் பல ஆண்டுகள் தேங்கியிருக்கும். எனவே அச்சான பெயர் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்லும். 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று அதே உறுதியோடு சொல்லாது. பின்னெல்லைக்கு அஞ்சல் முத்திரையைத்தான் நம்ப வேண்டும்.


தரவுத்தச்சர் எழுதியது:

ஏட்டுப்பூச்சி அவர்கள் நூலக மொழியில் சொன்னதைத் தரவு அமைப்பின் மொழியில் சொல்கிறேன். இடம், பெயர், இருப்பிடம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகின் இடங்களைத் திரட்டும் பிளேயடீஸ் என்ற இடப்பெயர்க் களஞ்சியம் இந்தப் பிரிவின்மீதே கட்டப்பட்டிருக்கிறது. அங்கே 'இடம்' என்பது ஏறக்குறைய ஒரு வெற்று அடையாள எண். அதோடு பெயர்கள் பல இணைந்திருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எந்த மொழி, எந்தக் காலம், எந்தச் சான்று என்ற விவரம் தனியே இருக்கும். ஆள்கூறுகளும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) அதேபோல் தனிப் பொருளாக இணைந்திருக்கும். பெயர் தெரிந்து இருப்பிடம் தெரியாத ஊரையும், இடிபாடு தெரிந்து பெயர் தெரியாத ஊரையும் அதனால்தான் அங்கே பதிய முடிகிறது.

உங்கள் மூன்று அட்டைகளுக்கும் ஒரே இட எண்ணைக் கொடுங்கள். அட்டையில் உள்ள பெயரை அட்டையின் பதிவில் வையுங்கள். 'லெம்பெர்க்', 'ல்வூஃப்', 'ல்வோவ்', 'லிவீவ்' நான்கையும் இடத்தின் பதிவில் மொழிக்குறியீட்டோடு வையுங்கள். தேடுபவர் எந்தப் பெயரைத் தட்டினாலும் தேடுபொறி முதலில் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அந்த இடத்தோடு இணைந்த அட்டைகளை எல்லாம் காட்டட்டும்.

பெயருக்குக் காலம் குறிப்பதில் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஒரு பெயருக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் போதும் என்று அட்டவணையை அமைத்துவிடுவார்கள். கஸகஸ்தானின் தலைநகர் 1961-இல் த்செலினோகிராட், 1992-இல் அக்மோலா, 1998-இல் அஸ்தானா, 2019-இல் நூர்-சுல்தான், 2022-இல் மறுபடியும் அஸ்தானா. இங்கே ஒரே பெயருக்கு இரண்டு காலவெளிகள் இருக்கின்றன. 'அஸ்தானா, 1998 முதல்' என்று எழுதினால் இடையிலுள்ள மூன்றாண்டு பொய்யாகிவிடும்.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்றும் உண்டு. சொற்களஞ்சியங்களுக்காகப் பலர் கையாளும் ஸ்கோஸ் அமைப்பில் பெயர் என்பது வெறும் எழுத்துச்சரம்; அதன்மேல் தேதியைத் தொங்கவிட இடமில்லை. அதற்கு அதன் விரிவாக்கமான ஸ்கோஸ்-எக்ஸ்எல் வேண்டும், அல்லது விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான திறந்த தரவுத்தளம் விக்கித்தரவு செய்வதுபோல் ஒவ்வொரு கூற்றுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என்ற தகுதிக்குறிப்புகள் வேண்டும். ஜியோநேம்ஸ் என்ற இணைய இடப்பெயர்த் தரவுத்தளத்தின் மாற்றுப்பெயர் அட்டவணையிலும் வரலாற்றுப் பெயர் என்ற குறியும் 'இருந்து', 'வரை' என்ற கட்டங்களும் உள்ளன. ஆனால் கட்டம் இருக்கிறது என்பதால் அது நிரப்பப்பட்டிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று: நாட்டின் பெயரை அட்டையின் பதிவில் எழுதவே எழுதாதீர்கள். இடத்தின் எண்ணும் அட்டையின் ஆண்டும் தெரிந்தால், அன்று அது எந்த நாட்டில் இருந்தது, இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் கணினியே சொல்லிவிடும். நாளை ஒரு நாடு பெயர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.


வரைபடப்பித்தன் எழுதியது:

தரவுத்தச்சர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவர் மிக எளிதாகக் கடந்துபோன ஒரு கேள்வியில்தான் என் போன்றவர்களின் பொழுதெல்லாம் கழிகிறது. எல்லாப் பெயர்களையும் ஒரே இட எண்ணின்கீழ் வையுங்கள் என்கிறீர்கள். அது ஒரே இடம் என்று யார் முடிவு செய்வது?

ஆஸ்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆஸ்லோ 1624-இல் தீயில் எரிந்தது. மன்னர் நான்காம் கிறிஸ்டியன் அதே இடத்தில் நகரத்தை மறுபடி கட்ட விடாமல், சற்று மேற்கே ஆக்கெர்ஷூஸ் கோட்டையின் அருகே புதிதாக அமைத்து, அதற்குக் கிறிஸ்டியானியா என்று தன் பெயரை வைத்தார். எரிந்த இடத்தில் எஞ்சிய சிற்றூரும் நகருக்கு வெளியே ஆஸ்லோ என்ற பெயரோடு தொடர்ந்து இருந்தது. பின்னாளில் கிறிஸ்டியானியா வளர்ந்து அந்தச் சிற்றூரையும் விழுங்கியது. 1925-இல் நகரம் முழுவதும் ஆஸ்லோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்படியானால் 1600-ஆம் ஆண்டின் ஆவணத்தில் வரும் ஆஸ்லோவும், 1750-இல் வரும் ஆஸ்லோவும், 1950-இல் வரும் ஆஸ்லோவும் ஒரே இடமா? எழுத்து மாறவில்லை, ஆனால் மூன்றும் சுட்டுவது வெவ்வேறு. '1925-க்கு முன் கிறிஸ்டியானியா, பின் ஆஸ்லோ' என்று ஒரு வரியில் எழுதிவைத்த பட்டியல், 1750-இன் ஆஸ்லோவைத் தயங்காமல் தவறான இடத்தில் குத்தும்.

இஸ்தான்புல்லும் அப்படித்தான். விக்கித்தரவு பைசாந்தியம், கான்ஸ்டான்டினோபிள், இஸ்தான்புல் மூன்றையும் தனித்தனி உருப்படிகளாக வைத்திருக்கிறது. வேறு களஞ்சியங்கள் ஒரே இடத்தின் பல பெயர்களாக வைக்கின்றன. இரண்டையும் ஆதரித்து வாதாட முடியும். இடைக்காலச் சுவருக்குள் இருந்த நகரம் இன்றைய மாநகரின் ஒரு சிறு துண்டுதான் என்பதைப் பார்த்தால் எனக்குப் பிரித்து வைப்பதே சரியெனப் படுகிறது.

நான் பின்பற்றும் வழி இது: பெயர் மட்டும் மாறினால் எண் மாறாது, ஊரே இடம்பெயர்ந்தாலோ, பரப்பும் ஆட்சித்தகுதியும் அடையாளம் தெரியாத அளவு மாறினாலோ புதிய எண், கூடவே பழைய எண்ணோடு ஓர் இணைப்பு. எந்த அளவு மாறினால் 'அடையாளம் தெரியாத அளவு' என்று கேட்டால், என்னிடம் சூத்திரம் இல்லை. நம் தொகுப்பைப் பயன்படுத்துபவர் அந்த வேறுபாட்டால் ஏமாறுவாரா என்று பார்த்துத்தான் தீர்மானிக்கிறேன்.

ஆள்கூறு பற்றியும் ஒரு சொல். இடம் தெரியாத பதிவுக்குச் சிலர் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று நிரப்பிவிடுவார்கள். அவை எல்லாம் கினி வளைகுடாவின் நடுக்கடலில் போய்க் குவியும். அந்த இல்லாத தீவுக்கு நிலப்படக்காரர்கள் 'நல் ஐலண்ட்' (Null Island, வெற்றுத் தீவு) என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பிழை உடனே கண்ணில் படுவதால் அதைப் பிடித்துவிடலாம். ஆறு தசம இடம் வரை துல்லியமாகத் தோன்றும், ஆனால் ஒரு மாகாணத்தின் நடுப்புள்ளியை மட்டுமே குறிக்கும் ஆள்கூறைப் பிடிப்பது கடினம்.


பழையஞ்சல் எழுதியது:

மாகாணம் என்றதும் எங்கள் குழு அண்மையில் செய்த ஒரு கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். பழைய ஒளிப்படங்களில் 'மெட்ராஸ்' என்று குறித்திருந்தவற்றை எல்லாம், ஒருவர் நல்லெண்ணத்தோடு விரிதாளில் ஒட்டுமொத்தமாகத் 'தமிழ்நாடு' என்று மாற்றிவிட்டார். மறுநாள் பார்த்தால் கோழிக்கோட்டுக் கடற்கரையும் பெல்லாரிக் கோட்டையும் விசாகப்பட்டினத் துறையும் தமிழ்நாட்டுக்குள் வந்திருந்தன.

நிதானமாகப் பார்த்தபோதுதான் அந்த ஒரு சொல் மூன்று வேறு அளவுகளில் நிற்பது புரிந்தது. சில படங்களில் அது நகரம். 1996-இல் சென்னை என்று அதிகாரப்பூர்வமாக மாறியது. சிலவற்றில் அது பிரிட்டிஷ் மாகாணம். மலபாரும் தென் கனராவும் கடலோர ஆந்திரமும், 1936 வரை கஞ்சமும் அதில் இருந்தன. விடுதலைக்குப் பிந்தைய படங்களில் அது மாநிலம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது, 1956-இல் மாநில மறுசீரமைப்பு வந்தது, 1969 ஜனவரி 14-இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. இதில் எந்த மெட்ராஸ் என்பதைப் படத்தின் ஆண்டையும் காட்சியையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக மாற்றுவதற்கு முந்தைய கோப்பின் நகல் ஒன்று எஞ்சியிருந்தது.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

ஒட்டுமொத்த மாற்றத்தின் பெருமையே அதுதான். ஆயிரம் பதிவுகளில் ஒரே நொடியில் ஒரே தவறைச் செய்துவிட முடியும்.

ஊர்களுக்கும் நிலப்பகுதிகளுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் எடுத்துக்காட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஊர் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும், பெயர் மாறும். நிலப்பகுதியோ பெயர் மாறாமல் இருக்க, அதன் உடல் மாறிவிடும். 'வங்காளம்' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. 1905-இல் பிரித்தார்கள், பிரிவினையை நீக்குவதாக 1911-இல் அறிவித்து, 1912-இல் மீண்டும் இணைத்தபோது பீகாரையும் ஒரிசாவையும் தனி மாகாணமாக ஒதுக்கினார்கள், 1936-இல் ஒரிசாவும் தனியானது, 1947-இல் வங்காளம் மறுபடி பிளந்தது. 1890-இல் 'வங்காளம்' என்று குறித்த ஓர் ஆவணம் ஒரிசாவின் கட்டக் நகரைப் பற்றியதாக இருக்கலாம். 1940-இல் அது முடியாது.

ஆகையால் நிலப்பகுதிகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு காலக்கட்டத்து வடிவத்தையும் ஒரு தனி உருப்படியாகக் கொள்வதே பாதுகாப்பு. மெட்ராஸ் மாகாணம் ஓர் எண், மெட்ராஸ் மாநிலம் இன்னோர் எண், இரண்டுக்கும் நடுவே 'இதன் பின்வந்தது' என்ற உறவு. கோழிக்கோடு என்ற ஊருக்கு மாறாத ஒரே எண் இருக்கும். அது 1956 வரை மெட்ராஸின் பக்கம், அதற்குப் பின் கேரளத்தின் பக்கம் என்று தேதியோடு இணைந்திருக்கும்.

குறியீட்டு எண்களை நம்பினால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாடுகளுக்கான ஐஎஸ்ஓ 3166 என்ற பன்னாட்டுத் தரத்தின் ஈரெழுத்துக் குறியீடுகளில் 'சிஎஸ்' என்பது ஒருகாலத்தில் செக்கோஸ்லோவாக்கியா. அந்த நாடு பிரிந்தபின் அதே குறியீடு 2003-இல் செர்பியா-மான்டெனெக்ரோவுக்குக் கொடுக்கப்பட்டது. 2006-இல் அந்த நாடும் பிரிந்தது. பழைய தரவுத்தளத்தில் 'சிஎஸ்' என்று மட்டும் இருந்தால் எந்த நாடு என்று கேட்டு உட்கார வேண்டியதுதான். மறைந்த நாடுகளுக்கென்றே அந்தத் தரத்தின் மூன்றாம் பகுதியில் நான்கெழுத்துக் குறியீடுகள் இருக்கின்றன. அங்கே இவ்விரண்டும் வேறு வேறு. குறியீடும் ஒரு பெயர்தான், அதுவும் மறுபயன்பாட்டுக்கு உள்ளாகும்.


கல்வெட்டன் எழுதியது:

இதுவரை பேசிய அனைவரும் கோடு போட்ட எல்லையுள்ள காலத்தைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். நான் பார்க்கும் ஆவணங்களில் எல்லைக்கோடே கிடையாது.

சோழர் கல்வெட்டு ஓர் ஊரைச் சுட்டும்போது மண்டலம், அதன் உட்பிரிவான வளநாடு, அதற்குள் நாடு, கடைசியில் ஊர் என்று அடுக்கிச் சொல்லும். தொண்டை மண்டலத்துப் பகுதியில் வளநாட்டின் நிலையில் கோட்டம் வரும். அந்த அடுக்கின் மேற்படிகள் அரசர்களின் பட்டப்பெயரால் மாறிக்கொண்டே இருந்தன. தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆனது, பாண்டிநாடு இராசராசப் பாண்டிமண்டலம் ஆனது, ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆனது. இவற்றுக்கு இன்று நாம் வரைபடத்தில் பலகோணம் வரைந்தால், அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத ஒரு கோட்டை நாம் கண்டுபிடித்ததாக ஆகும்.

நம் கையில் உண்மையாக இருப்பது, 'இன்ன கல்வெட்டில், இன்ன ஆட்சியாண்டில், இந்த ஊர் இந்த நாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்டது' என்ற கூற்று ஒன்றுதான். அந்தக் கூற்றையே தரவாக வையுங்கள். ஒரு நாட்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஊர்களின் புள்ளிகளை வரைபடத்தில் இட்டால் அந்த நாடு பரவியிருந்த இடம் தானே கண்ணுக்குத் தெரியும். ஓர் ஊர் இரண்டு கல்வெட்டில் இரண்டு நாட்டில் இருப்பதாக வந்தால் அதை மறைக்காமல் இரண்டையும் வையுங்கள். ஆய்வாளருக்கு அந்த முரண்தான் தீனி. சோழமண்டலக் கரை போன்ற பெயர்களும் இந்த வகைதான். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு காலத்து மாலுமியும் வணிகரும் வேறு வேறாகச் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் பட்டியலிடுபவர்களுக்கு வேறொரு தலைவலியும் உண்டு. அயல்நாட்டு ஊர்ப்பெயரை ஒருவர் கிரந்தத்தோடு 'இஸ்தான்புல்' என்பார், இன்னொருவர் 'இசுதான்புல்' என்பார். 'லெனின்கிராட்' என்றும் 'லெனின்கிராடு' என்றும் அச்சில் பார்த்திருக்கிறோம். அதன்மேல் வேற்றுமை ஏறி 'லெனின்கிராட்டில்' ஆனதும் எளிய தேடுபொறி கைவிரித்துவிடும். ஆகவே தமிழ்ப் பெயரிலும் எது மூலத்தில் உள்ள எழுத்து, எது நாம் தேடலுக்காகச் சேர்த்த மாற்றெழுத்து என்று பிரித்து வைப்பது நல்லது. இரண்டையும் கலந்துவிட்டால் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எந்த இதழ் எந்த எழுத்துமுறையைப் பின்பற்றியது என்று ஆராய வருபவருக்கு நம் தொகுப்பு பயன்படாது.


புதியவர் எழுதியது:

எல்லாம் படித்தேன்; படித்ததும் சற்று மலைப்பாக இருக்கிறது. நாங்கள் இரண்டே பேர். எங்களிடம் இருப்பது ஒரு விரிதாள். நிரலர் கிடையாது, நிதியும் கிடையாது. ஸ்கோஸ், ஐஎஸ்ஓ என்று நீங்கள் பேசுவதில் எங்களால் எதைச் செய்ய முடியும்? எதையும் சரியாகச் செய்ய முடியாது என்றால், இன்றைய பெயரை எழுதிவிட்டுப் போவதில் என்ன தவறு?


தரவுத்தச்சர் எழுதியது:

நியாயமான கேள்வி, மேலே நான் எழுதியது கட்டடத்தின் முழு வரைபடம், முதல் நாளே எல்லாத் தளங்களும் தேவையில்லை.

பழையஞ்சல் அவர்களின் 1908 அட்டையை வைத்தே சொல்கிறேன். 'உள்ளபடி பெயர்' என்ற நெடுவரிசையில் லெம்பெர்க் என்று எழுதுங்கள். அடுத்ததில் அது எங்கே காணப்பட்டது என்று எழுதுங்கள்: படப்பக்கத்தின் கீழே, அச்செழுத்தில். அதற்கடுத்து விக்கித்தரவிலோ ஜியோநேம்ஸிலோ லிவீவ் நகரத்தைத் தேடி அதன் அடையாள எண்ணை ஒட்டுங்கள். பிறகு அட்டையின் காலம், 1908. கடைசியாக, இந்த அடையாளப்படுத்தலில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்று ஒரு சொல்: உறுதி, இருக்கலாம், ஐயம். இவ்வளவுதான். ஐந்து நெடுவரிசைகளுக்கு நிரலர் வேண்டாம்.

தேதியில் ஐயம் இருந்தால் அதை எழுதவும் ஒரு முறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601 தரத்தின் 2019-இல் வந்த இரண்டாம் பகுதியில், ஆண்டுக்குப் பின் அலைக்குறி (~) போட்டால் 'ஏறத்தாழ' என்றும், கேள்விக்குறி போட்டால் 'ஐயம்' என்றும் பொருள். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காலவெளி. 'சுமார் 1910 இருக்கலாமோ' என்று எழுதினால் கணினிக்குப் புரியாது. இந்தக் குறிகள் புரியும்.

அடையாள எண்ணை ஒட்டியபிறகு அந்த எண்ணின் பின்னால் உள்ள பெயர்களும் நாடுகளும் தேதிகளும் உங்கள் பொறுப்பில்லை. உலகமெங்கும் உள்ள பலர் அவற்றைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பின்னாளில் வேர்ல்ட் ஹிஸ்டாரிகல் கெசட்டியர் போன்ற பொதுக் களஞ்சியத்துக்கு உங்கள் இடப்பட்டியலைக் கொடுக்க விரும்பினாலும் சாதாரண அட்டவணையாகவே கொடுக்கலாம். பெயர் எந்த மூலத்தில் இருந்து வந்தது என்பதை அவர்களும் கேட்பார்கள். இரண்டாம் நெடுவரிசையை நான் வலியுறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனால் என்ன என்று கேட்டீர்கள். இன்றைய பெயரைப் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அட்டையில் இருந்த பெயரை, அட்டை மறுபடி கைக்கு வந்தாலொழிய யாராலும் சேர்க்க முடியாது. நேரம் குறைவு என்றால் அடையாள எண்ணைத் தள்ளிப்போடுங்கள். உள்ளபடி பெயரைத் தள்ளிப்போடாதீர்கள்.


வரைபடப்பித்தன் எழுதியது:

ஐந்து நெடுவரிசைத் திட்டத்துக்கு என் ஆதரவு. ஆனால் பிறர் களஞ்சியத்தின் எண்ணை ஒட்டினால் பொறுப்பு முடிந்தது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அங்கே இரண்டு உருப்படிகளை யாரேனும் ஒன்றாக இணைக்கலாம், ஒன்றை இரண்டாகப் பிரிக்கலாம். நீங்கள் எண்ணை ஒட்டிய நாளையும் ஒரு மூலையில் குறித்துவையுங்கள்.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

யாரும் தொடாத ஒன்றை நானே தொடுகிறேன். பயனருக்கு முதலில் கண்ணில் படும் பெயர் எது? உள்ளே எத்தனை பெயர்கள் இருந்தாலும் திரையின் தலைப்பில் ஒன்றுதான் நிற்கும், அந்த ஒன்று பக்கம் சாயாமல் இருப்பதில்லை.

வட அயர்லாந்தில் ஒரே நகரத்தை டெர்ரி என்பவரும் உண்டு, லண்டன்டெர்ரி என்பவரும் உண்டு. எதைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தப் பக்கம் என்று ஊகிப்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள அந்தப் பெரும்பாறைக்கு 1993-இல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என்று இரட்டைப் பெயர் கொடுத்தார்கள். 2002-இல் வரிசையை மாற்றி உலுருவை முன்னே வைத்தார்கள். எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதற்காகவே ஓர் அரசு ஆணை தேவைப்பட்டது என்றால், நம் திரையில் முதலில் நிற்பதும் சின்ன விஷயமில்லை.

தலைப்பில் அங்கு வாழ்பவர்கள் இன்று வழங்கும் பெயரும், அதன்கீழ் 'ஆவணத்தில் உள்ளபடி' என்ற குறிப்போடு பழைய பெயரும் வரட்டும் என்பது என் கருத்து. பழைய பெயர் ஆதிக்கத்தின் சின்னமாக இருந்தாலும், புண்படுத்துவதாகவே இருந்தாலும், பதிவிலிருந்து நீக்கக் கூடாது. அதே நேரத்தில் அது நம் வாயிலிருந்து வரும் சொல்லாகவும் தோன்றக் கூடாது. மேற்கோள் குறியும் ஒரு வரி விளக்கமும் அந்த இடைவெளியை உண்டாக்கும்.


கல்வெட்டன் எழுதியது:

இதில் உங்களோடு முழுதும் உடன்பட முடியவில்லை. மக்கள் இன்று வழங்கும் பெயர் என்கிறீர்கள், எந்த மக்கள்? லெம்பெர்க்கிலும் ல்வூஃபிலும் வாழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் போரில் கொல்லப்பட்டார்கள் அல்லது போருக்குப் பின் வெளியேற்றப்பட்டார்கள். அந்த அட்டையை எழுதியவருடைய ஊர் அவருடைய மொழியில் வேறு பெயருடையது. 1931 அட்டைக்கு மேலே பெரிய எழுத்தில் 'லிவீவ்' என்று போட்டால், எழுதியவரே அறியாத ஒரு பெயரை அவருடைய கடிதத்துக்குத் தலைப்பாக வைத்தவர்கள் ஆவோம். ஒவ்வொரு அட்டைக்கும் அதன் காலத்துப் பெயரே தலைப்பாகட்டும், இன்றைய பெயர் கீழே வரட்டும் என்பேன். இடத்துக்கான பக்கத்தில் மட்டும் நீங்கள் சொல்லும் வரிசை இருக்கட்டும்.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

அட்டையின் பக்கத்துக்கு ஒரு வரிசை, இடத்தின் பக்கத்துக்கு வேறு வரிசை. இதை நான் யோசிக்கவில்லை. ஒரு பெயர் வழங்கும் நாட்டில் மற்றொரு பெயரைச் சொல்வதையே குற்றமாகக் கருதும் சூழலில் இது எப்படி நிற்கும் என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அஞ்சலட்டைகளுக்குப் பொருந்தும். எப்படியானாலும் எந்த விதியின்படி தலைப்புப் பெயரைத் தேர்ந்தோம் என்பதைத் தொகுப்பின் முகப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அது விதியில்லாதது போலத் தோன்றும்.


பழையஞ்சல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரமாக ஐந்து நெடுவரிசைகளோடு, ஒட்டிய நாளுக்கு ஆறாவது ஒன்றும் சேர்த்துப் பதிந்து பார்த்தோம். லெம்பெர்க், ல்வூஃப், ல்வோவ் மூன்றும் இப்போது ஒரே எண்ணின்கீழ் வருகின்றன. எதைத் தேடினாலும் மூன்று அட்டைகளும் கிடைக்கின்றன. மெட்ராஸ் படங்களை நகர், மாகாணம், மாநிலம் என்று பிரிக்கும் வேலை பாதி முடிந்திருக்கிறது. பிரிக்க முடியாதவற்றுக்கு 'ஐயம்' என்றே போட்டுவிட்டோம். அப்படிப் போடலாம் என்று தெரிந்ததே பெரிய விடுதலை.

பதியத் தொடங்கியபின் நாங்கள் எதிர்பாராத ஒன்று வந்தது. ஓர் அட்டையின் படத்தில் இருப்பது லெம்பெர்க்கின் நாடக அரங்கு. ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகம் வியன்னா. அஞ்சல் முத்திரை கிராக்காவ். பெறுபவர் முகவரி புடாபெஸ்ட். ஒரே அட்டைக்கு நான்கு இடங்கள். நான்கும் அன்று ஒரே பேரரசில், இன்று நான்கு நாடுகளில். 'இடம்' என்று மட்டும் தலைப்பிட்டால் எந்த இடம் என்று கேள்வி எழுகிறது. ஆகவே ஏழாவதாக 'உறவு' என்ற நெடுவரிசையும் வந்துவிட்டது: படத்தில் உள்ளது, அச்சானது, அனுப்பப்பட்டது, சேர்ந்தது. ஓர் அட்டைக்கு நான்கு வரிகள் எழுத வேண்டியிருப்பதால், இடங்களைத் தனித்தாளுக்கே மாற்றிவிட்டோம்.

இப்போது சிக்கியிருப்பது வேறோர் அட்டையில். அதில் ஊரின் பெயரே இல்லை; ஒரு சந்தையின் படமும் கீழே 'கலீசியா' என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருக்கின்றன. ஸ்பெயினின் வடமேற்கிலும் ஒரு கலீசியா இருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசில் 1772 முதல் 1918 வரை இருந்து, இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் பிரிந்து கிடப்பதும் கலீசியாதான். முத்திரை அழிந்துவிட்டது. எதன் எண்ணை ஒட்டுவது?


வரைபடப்பித்தன் எழுதியது:

எண்ணை ஒட்டுவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தபால்தலை எந்த நாட்டுடையது?


பழையஞ்சல் எழுதியது:

யாரோ தபால்தலையைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். 'அஞ்சலட்டை' என்ற சொல் மட்டும் ஜெர்மனிலும் போலிஷிலும் இன்னோர் எழுத்திலும் அச்சாகியிருக்கிறது.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

அந்த மூன்றாவது எழுத்து சிரில்லிக்கா, அதாவது உக்ரைனிய, ரஷ்ய மொழிகளை எழுதும் எழுத்தா என்று பாருங்கள். ஆம் என்றால் ஆஸ்திரியக் கலீசியாவின் எண்ணை ஒட்டி, உறுதி நெடுவரிசையில் 'இருக்கலாம்' என்றும், காரணமாக 'பின்பக்க அச்சில் மும்மொழி' என்றும் எழுதிவிடுங்கள். ஊரின் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். சந்தையை அடையாளம் தெரிந்தவர் ஒருவர் வந்து நிரப்பட்டும்.